இருபத்தேழு எண்ணும் வரை

அப்பா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனது என் சிறுவயதில் மொத்தமே பத்து நாள்தான். அந்தப் பத்து நாளும் காரில். எனக்கு அப்போது ஒன்பது வயது. நூல் விலை கண்டபடி ஏறி, சூலூரில் பாதித் தறிகள் நின்றுபோயிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களுடையது எட்டு விசைத்தறி. அதில் நான்குதான் ஓடிக்கொண்டிருந்தன. தறிச் சத்தம் பாதியானதில் வீட்டுக்குள் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. அது எங்கள் வீட்டுக்கு அவ்வளவு நல்லதாக இல்லை.

கார் நல்ல காலத்தில் வாங்கியது. வெள்ளை நிறப் பழைய வண்டி. உறவில் கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான் என்பதால் கல்யாண வீடுகளில் அப்பாவுக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் குறுக்கே ஓடிய ஆட்டுக்கு வழிவிடப் போய், வலப்பக்க முன்சக்கரத்தைப் பாலத்துத் திண்டில் கொண்டுபோய் மோதிவிட்டார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த விஷயம் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே பல வருஷம் கழித்து, அப்பா போன பிறகு, அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், வண்டி தானாக வலப்பக்கம் போகப் பார்க்கிறது, அப்பா அதைத் திட்டிக்கொண்டே இடப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறார் என்பதுதான்.

தறியை ஓட்ட வேண்டுமானால் காரை விற்றாக வேண்டும் என்ற நிலை. புரோக்கர் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் சந்து முனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியை அப்பா கையில் கொடுத்து, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அதன் பிறகுதான் அப்பா உக்கடத்தில் ஒரு பாயின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். பாய் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரைக்கும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார். டயர்களில் சாக்பீசால் கோடு போட்டு, முன்பக்கம் ஒரு தரம், பின்பக்கம் ஒரு தரம், இரண்டு சக்கரத்துக்கும் இடையில் எவ்வளவு என்று இரும்பு ஸ்கேலால் அளந்தார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பியை ஸ்பேனரால் கால் திருகு, அரைத் திருகு என்று திருகி மறுபடி அளந்தார். முன்சக்கரங்கள் முன்பக்கமாக ஓர் அரிசி அளவு உள்ளே பார்த்து நிற்க வேண்டுமாம். அதற்கு மேல் உள்ளே பார்த்தால் டயரைத் தின்னும், வெளியே பார்த்தால் வண்டி நிலையில் நிற்காது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன். அவர் கடைசியாகச் சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

“ஸ்டீரிங் இனி நேரா நிக்குமுங்க. ஆனா வலப்பக்கத்துச் சக்கரத்தைப் புடிச்சிருக்கற கை அடி வாங்கி வளைஞ்சிருக்கு. அதை மாத்தாம இழுப்புப் போகாது. நம்ம ரோடெல்லாம் தண்ணி வடியறதுக்காக ஓரத்துக்குச் சரிவாப் போட்டிருக்கு, பாருங்க. சரிவு இடப்பக்கம், இழுப்பு வலப்பக்கம். ஓரமா ஓட்டறப்ப ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு நேராப் போற மாதிரியே தெரியும். அதை நம்பிப்போட்டு நடு ரோட்டுல ஏறிறாதீங்க. எதுத்தாப்புல வர்றவன் மேல கொண்டுபோய் உட்டுரும்.”

அப்பா யார் பேச்சையும் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த மாதிரி ரோடு, எவ்வளவு சரிவு என்றெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்தப் பாகத்தை வரவழைத்து மாற்ற ஒரு மாதமாவது ஆகும் என்றார் பாய். அவ்வளவு நாள் தறி தாங்காது என்று அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பாவம் அந்த பாய், எச்சரிக்கை சொல்லி அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்த நாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, வா கண்ணு, கார்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. இரட்டைச் சடை போட்டு, தீபாவளிப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன். பல்லடம் சாலையில் ஓரிடத்தில் வேகத்தை நிலையாக வைத்துக்கொண்டு, “இப்போ கைய உடறேன், நீ எண்ணு” என்றார். ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். நான் பயந்துகொண்டே எண்ணினேன். எட்டு எண்ணுவதற்குள் வண்டி நடுச் சாலைக்குப் போய்விட்டது. அப்பா பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் திருச்சி சாலையில் ஆறு. அவிநாசி சாலையில் ஒன்பது. தினமும் ஒரு சாலை. வரும் வழியில் ஒரு நாள் முறுக்கு, ஒரு நாள் நிலக்கடலை, ஒரு நாள் குச்சி ஐஸ். இது எங்கள் இருவருக்கும் மட்டுமான விளையாட்டு என்று நான் நம்பினேன். நம்பினேன் என்பதை இப்போது எழுதும்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பத்தாவது நாள், குளத்தை ஒட்டிப் போகும் பழைய சாலைக்குப் போனோம். தார் மேல் தார் போட்டு அதன் நடுப்பகுதி எருமை முதுகு போல உயர்ந்திருக்கும். இரண்டு ஓரமும் நன்றாகச் சரிந்திருக்கும். அப்பா இடப்பக்க ஓரமாகக் கையை விட்டார். நான் எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. கார் தண்டவாளத்தில் போவது போலப் போனது. இருபத்தேழில் ஒரு வளைவு வந்ததால்தான் அப்பா ஸ்டீரிங்கைப் பிடித்தார். என்னைத் தலையில் தட்டிச் சிரித்தார். அன்று எனக்கு ஒரு முழு பாட்டில் கலர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. பிறந்த வீடு என்று அம்மாவுக்கு மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். சென்னிமலையில் என்னை அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். ஓர் அரிசி ஆலைக்காரரிடம் பல வருஷமாக டிரைவராக இருந்தவர், இனி அடுத்தவன் வண்டியை ஓட்டுவதில்லை, சொந்தமாக ஒரு கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுவது என்று முடிவு செய்து, பங்காக வந்த பூமியை விற்றிருந்தார். இது தெரிந்ததும் அப்பாதான் சொல்லி அனுப்பியிருந்தார். தம்பிக்குக் கொடுத்தால் வண்டி நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது மாதிரி என்று அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தாள்.

மாமா வந்த அன்று கோழியும், பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டும். தம்பி இலையில் ஒப்பிட்டின் மேல் அம்மா ஊற்றிய நெய் இலையை விட்டு வழிந்தது. நானும் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் சாதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“மாமா, பல்லடம் ரோட்டுல எட்டுத்தான் வந்துது. கொளத்து ரோட்டுலதான்...”

மேற்கொண்டு சொல்வதற்குள் அம்மா ஓர் ஒப்பிட்டை மடித்து என் வாயில் திணித்துவிட்டாள். “தின்னு கண்ணு, பேச்சு அப்பறம்” என்றாள். வழக்கமாக இரண்டாவது ஒப்பிட்டுக்குக் கெஞ்ச வேண்டியிருக்கும். அன்று கேட்காமலே கிடைத்ததில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பினோம். மாமா ஓட்டினார். பக்கத்தில் அப்பா. பின்னால் அம்மாவும் நானும். வழி சொன்னது அப்பா. பெரிய சாலையில் கூட்டமாக இருக்கும் என்று நேராகக் குளத்துச் சாலைக்குக் கொண்டுபோனார். ஓரமாகப் போகும்போது, “மாப்ளே, கைய உட்டுப் பாருங்க” என்றார். மாமா விட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காத்துக்கொண்டிருந்தவள் போலத் தொண்டை கிழிய எண்ண ஆரம்பித்தேன். இருபத்தேழு. மாமா வாய்விட்டுச் சிரித்து, “கெட்டிக்காரி, சாமி” என்றார். திரும்பும் வழியில் ஒரு லாரியை முந்தினார். வீடு தெரியும்போதுதான், “வண்டி நல்லாருக்குங்க மச்சான், எடுத்துக்கறனுங்க” என்றார். அப்பா அதில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி நேராகத்தான் போயிற்று. எண்ணிச் சொன்னதும் நான்தான்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து அன்று சாயங்காலமே மாமா காரை எடுத்துக்கொண்டு போனார். அம்மா சமையலறையில் நின்று அழுதாள். கார் போய்விட்டதே என்று அழுகிறாள் என நினைத்து, அப்பா வேறு கார் வாங்கித் தருவார் என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

அடுத்து வந்த கோடை விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனேன். காரின் முன்னால் மாமா சிவப்பு எழுத்தில் முருகன் துணை என்று எழுதியிருந்தார். கல்யாணம், காதுகுத்து, பழனி, சென்னிமலை என்று உறவுக்காரர்கள்தான் முக்கால்வாசி வாடகைக்குக் கூப்பிட்டார்கள். தினமும் வண்டியை விட்டு வந்ததும் மாமா இடது தோளைக் காட்டிக்கொண்டு உட்காருவார். அத்தை காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்துவிடுவார். டிரைவர்களுக்கெல்லாம் தோள் வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூரில் அப்போதுதான் கம்ப்யூட்டரில் வீல் அலைன்மென்ட் பார்க்கிற கடை வந்திருந்தது. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சக்கரங்களில் ஏதோ மாட்டினார்கள். டிவி மாதிரி ஒரு பெட்டியில் கட்டம் கட்டமாக எண்கள் வந்தன. இடப்பக்கத்து எண்களெல்லாம் பச்சை. வலப்பக்கத்தில் சிவப்பு. எவ்வளவு திருகியும் அந்தச் சிவப்பு மாறவில்லை. கடைக்காரர் வண்டிக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“இது செட்டாகாதுங்க. கை மட்டுமில்ல, அதை மாட்டற சட்டமே வளைஞ்சிருக்கு. தெரிஞ்சே உங்க தலைல கட்டியிருக்காங்க. யாருகிட்டங்க வாங்குனீங்க?”

மாமா என்னைப் பார்த்தார். நான் அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாங்குனப்ப நல்லாத்தானுங்க இருந்துது. நாந்தான் ஒரு குழில எறக்கிப்போட்டேன்” என்றார்.

கடைக்காரர் நம்பவில்லை என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் நம்பினேன். ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் ஓடிப்போய் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். பெட்டியில் சிவப்பு வந்ததையும் மாமா காரைக் குழியில் இறக்கியதையும் கை காலெல்லாம் ஆட்டி நடித்துக் காட்டினேன். அப்பா முகத்தில் வந்த நிம்மதியை நான் என் நடிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாறு நின்றது. பிறகு மறுபடி கூட்ட ஆரம்பித்தது.

அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போடுகிற இடத்துக்கு அப்பா என்னைக் கூப்பிடுவார். “எம் மச்சினன் நம்ம வண்டிய என்ன பண்ணுனான்னு சொல்லு கண்ணு” என்பார். நான் சொல்வேன். குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கினேன். ஒரு கல்யாணத்தில், மாமா ஓட்டும்போதே தூங்கிவிட்டார் என்றுகூடச் சேர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பொய்யா சொல்லும் என்றார்கள். அப்பா யார் காதிலும் அவதூறு ஓதவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு நின்றதோடு சரி.

டிரைவருக்குப் பேர்தான் எல்லாம். குடும்பத்தோடு மலையேறப் போகிறவர்கள் குழியில் இறக்குகிற டிரைவரையா கூப்பிடுவார்கள்? முதலில் பழனிக்குக் கூப்பிடுவது நின்றது. பிறகு கல்யாணங்கள். மாமா எங்கும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால், வண்டி யாரிடமிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு வருஷத்துக்குள் கார் காயலான் கடைக்குப் போனது. மாமா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேன் ஓட்டப் போனார். மறுபடி அடுத்தவன் வண்டி.

நான் பெரியவளானபோது நடந்த சீருக்கு, மாமா தாய்மாமன் சீரைத் தலையில் சுமந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டு, மாலை, தேங்காய், பழம் என்று முறையில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை. கூட்டம் கலகலப்பாக இருந்த நேரத்தில் யாரோ ஒருவர் பழைய கார்க் கதையை எடுத்தார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கதையை அவ்வளவு பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்காக வெட்கப்பட்டேனே தவிர மாமாவுக்காக இல்லை. நான் தயங்கியதைப் பார்த்து மாமாவே சொன்னார்.

“ஆமாங்க, நாந்தான் குழில உட்டுப்போட்டேன். புள்ள சொன்னது நெசந்தான்.”

சிரிப்பு எழுந்தது. அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. விசேஷ வீட்டில் இப்படியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று எனக்கு அவள் மேல் கோபம் வந்தது.

இப்போது எனக்கென்று ஒரு கார் இருக்கிறது. போன மாதம் முன்சக்கரத்தில் கொஞ்சம் இழுப்புத் தெரிந்து, அலைன்மென்ட் பார்க்கக் கொடுத்தேன். வேலை முடிந்து சாவியைத் தரும்போது மெக்கானிக், “ஓரமா ஓட்டிப் பாக்காதீங்க மேடம், நடு ரோட்டுல ஏத்திக் கைய எடுத்துப் பாருங்க. ஓட்டறவங்க எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்க இது” என்றார். எல்லோருக்கும் தெரிந்தது. அத்தனை வருஷம் அடுத்தவன் வண்டியைச் சிராய்ப்பில்லாமல் ஓட்டிய என் மாமாவுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்குமா? சாவியை வைத்துக்கொண்டு அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று குளத்துச் சாலையில் லாரியை முந்திய பிறகு மாமா ஓரத்துக்கு இறங்கவில்லை. நடுச் சாலையிலேயே வண்டியை வைத்துக்கொண்டு, ஸ்டீரிங்கிலிருந்து விரல்களை மெல்ல எடுத்தார். நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன், கை வலிக்கு விரிக்கிறார் என்று நினைத்தேன். கார் உடனே வலப்பக்கம் சாய்ந்தது. மாமா பிடித்துக்கொண்டார். அப்பா ஜன்னலுக்கு வெளியே குளத்தைப் பார்ப்பது போல இருந்தார். மாமா தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்திருந்தது அம்மா. வேண்டாம் என்று அவள் கண்ணைக் காட்டியிருந்தால் போதும். பூமி விற்ற பணம் மாமா கையிலேயே இருந்திருக்கும். அவளுக்குப் புருஷன் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வண்டியை எடுத்துக்கொள்ள மாமாவுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

நானோ, மாமா கண்ணாடியில் என்னைத்தான் பார்க்கிறார், இன்னொரு தரம் எண்ணச் சொல்கிறார் என்று நினைத்து, ஒன்றிலிருந்து மறுபடி உரக்க எண்ண ஆரம்பித்தேன்.